யார் வயல் கத்தரிக்காய்?

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் விழுந்த பிறகும் யாரும் கை வைக்க மாட்டார்கள். சீடர்களில் ஒருவர் எழுந்து, "விளைய வச்சவங்க நல்லாயிருக்கணும்" என்பார். எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வோம். அப்புறம்தான் முதல் கவளம்.

பல வருஷமாகச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், வாயில் எச்சில் ஊற, எப்போதடா முடியும் என்று. நான் அங்கே காய் நறுக்குகிறவள்.

மடத்துச் சாமிக்கு நாற்பத்தைந்து வயசு. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தேழு, பேங்க் வேலையில் ஓய்வு பெற்று வந்தவர். அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மடத்துக்குச் சாமான் வாங்கிப் போடுவது அண்ணாச்சி பொறுப்பு.

அது போக அவருக்கு ஒரு லட்சியம். உள்ளூரில் விளைகிற காயை உள்ளூர்க்காரர்களே வாங்க வேண்டும். நோட்டீஸ் அடித்தார். மடத்து முற்றத்தில் பேனர் கட்டினார். ஆட்டோவில் மைக் வைத்துத் தெருத் தெருவாகப் போனார்.

"நம்ம மண்ணு, நம்ம காயி! பக்கத்து வயலைக் காயப் போட்டுட்டு டவுன் காய் வண்டிக்குக் கை காட்டாதீங்க!"

நல்ல பேச்சுதான். கேட்டால் கண் கலங்கும்.

மடத்துக்குக் காய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? டவுன் மார்க்கெட்டிலிருந்து. ஒரு போன் அடித்தால் போதும், சாக்குச் சாக்காக வந்து இறங்கிவிடும். எல்லாம் ஒரே அளவு, ஒரே மினுமினுப்பு. எனக்கும் நறுக்கச் சுளுவு. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்வானேன்.

பௌர்ணமிதோறும் மடத்தில் ஊருக்கே சாப்பாடு உண்டு. அப்படி ஒரு பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் சொர்ணத்தாய் பின்வாசலுக்கு வந்தாள். மடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அவளுக்கு அரை ஏக்கர் கத்தரி இருக்கிறது. தலையில் ஒரு கூடை.

"சார், பௌர்ணமி சாப்பாட்டுக்கு எடுத்துக்கிடுங்க. இன்னும் எம்புட்டு வேணுமோ பறிச்சுத் தாரேன். வியாபாரி கேக்குத விலை பறிப்புக் கூலிக்கே காணாது. நீங்களும் எடுக்கலைன்னா வியாழக்கிழமை டிராக்டரை விட்டு உழுதுருவேன்."

அண்ணாச்சி ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காம்பில் முள். ஓரத்தில் பூச்சி துளைத்த ஓட்டை.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. இதைப் பார்த்துப் பார்த்து நறுக்க நாலு ஆள் வேணும்மா. முந்நூறு பேர் சாப்பாடு, விளையாட்டா?"

"நல்லதாப் பொறுக்கி..."

"அடுத்த தடவை பார்ப்போம்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "பௌர்ணமிக்குக் கட்டாயம் வா. சாப்பாடு முடிஞ்சதும் கூட்டம். உங்களுக்காகத்தான் பேசுதேன்."

அட மனுஷா!

அவள் நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். நான் அரிவாள்மனையை விட்டு எழுந்து கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

புதன்கிழமை பௌர்ணமி. காலையில் அண்ணாச்சி சாமியிடம் போனார்.

"சாமி, மூணு மாசமாத் தொண்டை கிழியப் பேசுதேன். எல்லாரும் தலையாட்டுதாங்க. மறுநாள் பழையபடி டவுன் வண்டியிலதான் வாங்குதாங்க. என் பேச்சு ஏன் சாமி ஏற மாட்டேங்கு?"

"பந்தியில சொல்லுதேன் அண்ணாச்சி."

மத்தியானம் முற்றத்தில் முந்நூறு இலை விழுந்தது. சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு. சொர்ணத்தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பேனருக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

சாமி தன் இலையைப் பார்த்தபடியே சொன்னார். "அண்ணாச்சி, இன்னிக்குப் பேரைச் சொல்லி வாழ்த்துங்க."

"யார் பேரை சாமி?"

"இந்தக் கத்தரிக்காயை விளைய வச்சவங்க பேரை."

அண்ணாச்சி சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

"அது... மார்க்கெட்டுல இருந்து..."

"மார்க்கெட்டுலயா கத்தரிச்செடி நிக்கி?"

முந்நூறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் பேனரில் அவர் எழுதின 'நம்ம மண்ணு, நம்ம காயி' காற்றில் ஆடியது. கடைசி வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். எனக்கும் தலை நிமிரவில்லை. அந்தக் காயை நறுக்கின கை இது.

அப்போது சொர்ணத்தாய் எழுந்தாள்.

"சோறு ஆறுது சாமி. பேர் தெரியலைன்னா என்ன, எந்த ஊர்லயோ என்னை மாதிரி ஒருத்தி தண்ணி பாய்ச்சி விளைய வச்சிருப்பா. அவ நல்லாயிருக்கட்டும்."

"அவ நல்லாயிருக்கட்டும்" என்றது பந்தி முழுக்க. அவள் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தாள். கூட்டைத்தான் முதலில் தொட்டாள்.

அன்றைக்குக் கூட்டம் நடக்கவில்லை. அண்ணாச்சி சாப்பிடவும் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பேனரைத் தானே அவிழ்த்தார். நான் பின்வாசலில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது கிணற்றடிக்கு வந்தார். சாமி அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அவ நாலு வார்த்தை ஏசியிருந்தாத் தாங்கியிருப்பேன் சாமி. வாழ்த்திட்டாளே! நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருக்கு."

சாமி இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டு கையில் ஊற்றினார்.

"என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஊர் முன்னால தலைகுனிய வச்சிட்டீங்களே."

"உங்களை மட்டுமா அண்ணாச்சி? என் இலையிலயும் அந்தக் கூட்டுதானே இருந்துச்சு."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"அவ கூடையோட வந்தன்னிக்கு நான் இந்தக் கல்லுலதான் வேட்டி துவைச்சுக்கிட்டிருந்தேன். அவ சொன்னது பூரா காதுல விழுந்துச்சு. ரெண்டு எட்டு வச்சு வந்து கூடையை இறக்கியிருக்கலாம். சாமான் வாங்குதது உங்க பொறுப்பு, நாம எதுக்கு நடுவுலன்னு, துவைச்ச வேட்டியவே திருப்பித் திருப்பி அலசிக்கிட்டு நின்னேன்."

அண்ணாச்சி துண்டை உதறி இடுப்பில் கட்டினார்.

"நாளைக்கு வியாழக்கிழமை சாமி."

"ஆமா."

"டிராக்டர் வந்துரும்."

"ஆமா."

மூலையில் டவுன் சாக்குகள் காலியாகக் கிடந்தன. அண்ணாச்சி நாலைந்தை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று பின்வாசலைத் தாண்டினார். தாண்டியவர் நின்றுவிட்டார். எதிரே மூன்று பக்கமும் பச்சையாக வயல்.

"சாமி..." திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அவ வயல் எந்தப் பக்கம்?"

ஏழு வருஷமாக அந்த வாசலில் நின்று பல் விளக்குகிற மனுஷர். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாமி ஈரக் கையோடு அவர் பக்கத்தில் போய் நின்றார். கண்ணை இடுக்கி வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு அவர் தோளிலிருந்து இரண்டு சாக்கை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. வாங்க, கேட்டுக்கிட்டே போவோம்."