1147-ஆம் இணைப்பு

நகராட்சிகளுக்குத் தண்ணீர்க் கட்டணமும் சாக்கடைக் கட்டணமும் வகுத்துக் கொடுப்பது ஜெயசீலியின் தொழில். வயது நாற்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்க வந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வந்து சேர்ந்தார். இரண்டு வருடம் அவள் சொன்னபடி அட்டவணை போட்டார். இந்த முறைதான் ஒரு நகராட்சியை முழுதாக அவரிடம் விட்டாள். அறிக்கையின் அட்டையில் அவர் பெயர் வரும் என்றும் சொல்லியிருந்தாள். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு அவர் அதைச் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை நகர்மன்றக் கூட்டம். வியாழன் காலை அறிக்கையைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"கட்டணத்தை மூணு படியா வச்சிருக்கேன் மேடம். மாசம் பத்தாயிரம் லிட்டர் வரைக்கும் அடிப்படைக் கட்டணந்தான், யாருக்கும் சுமை இல்ல. அதுக்கு மேல ஒண்ணரை மடங்கு. முப்பதாயிரத்தைத் தாண்டினா நாலு மடங்கு. சாக்கடைக்கும் அதே கணக்கு. மோட்டார் கரண்ட், குழாய் மாத்துற செலவு எல்லாம் இதுலயே அடைஞ்சிடும்."

ஜெயசீலி பக்கங்களைப் புரட்டினாள்.

"நாலு மடங்கு யாருக்கு?"

"வீணாக்குறவங்களுக்கு. நிறையச் செலவழிக்கிறவன் நிறையக் குடுக்கட்டும். அது நியாயந்தானே மேடம்?"

அவள் கடைசியில் இருந்த தண்ணீர் இணைப்புகளின் பட்டியலுக்கு வந்தாள். பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தாள். 1147-ஆம் இணைப்பு. பெயர் தாணுமூர்த்தி. மாதம் அறுபத்தேழாயிரம் லிட்டர். வீட்டு இணைப்புகளில் ஊரிலேயே அதிகம் அதுதான்.

"நீச்சல்குளம் வச்சிருப்பான்" என்றார் ஆவுடையப்பன்.

"புதுக் கட்டணத்துல இவருக்கு மாதிரிக்கு ஒரு பில் போடுங்க சார். நீங்களே கொண்டுபோய், தண்ணியச் செலவழிக்கிறவர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

பில்லின் வடிவம் அவர் அமைத்ததுதான். கீழே வலது மூலையில் 'நுகர்வோர் கையொப்பம்' என்று சின்னதாக ஒரு கட்டம்.

கடன் வசூலுக்குப் போன காலத்து முகத்தை மாட்டிக்கொண்டு போனார். விலாசம் ஒரு குறுகிய சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. தகரக் கதவைத் தள்ளினால் நீள முற்றம். இரண்டு பக்கமும் ஏழேழு வாசல். நடுவில் ஒரே குழாய். அதைச் சுற்றிக் குடங்கள். வளவு என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள்.

"தாணுமூர்த்தி வீடு?"

"அவரு செத்து ஒம்பது வருசமாச்சு" என்றாள் குழாயடியில் நின்றவள். "மகன் வாடகை வாங்க மட்டும் வருவான். என்ன அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகையா?"

"தண்ணி பில். தண்ணியச் செலவழிக்கிறவங்க கையெழுத்துப் போடணும்."

"நான் ஒம்பது குடந்தான் பிடிக்கேன். அந்தா நிக்காள்லா பேச்சித்தாய், அவ பதிமூணு. அவகிட்டக் கேளுங்க."

"ஏ, எந்தலையில கட்டாத!" என்றாள் பேச்சித்தாய். "எங்க வீட்டுல ஏழு பேரு. உன் புருசன் ஒருத்தனே குளிக்க நாலு குடம் ஊத்துதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி பில்லை வாங்கித் தொகையைப் படித்தாள். சிரிப்பு நின்றது.

"இது மாதிரிக்குப் போட்ட பில்தான். இன்னும் வரலை" என்றார் அவர்.

"வந்தா எப்படி அண்ணாச்சி பிரிக்க? இப்பம் பதினாலா வகுத்து ஆளுக்குச் சமமாப் போடுதோம். இவ்வளவுன்னா குடத்த எண்ணணும். குடத்த எண்ணுனா, பிள்ளைக்காரி கூடக் குடுக்கணும்பாவ. பொறவு யாரு கூட யாரு பேச?" என்றாள் பில்லை வைத்திருந்தவள்.

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்து மூடினார்.

"ஒருத்தர் போட்டாப் போதும்."

"எங்கள்ல யார அண்ணாச்சி விட?" என்றாள் பேச்சித்தாய்.

அவர் திரும்பி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. ஜெயசீலி பில்லை வாங்கிப் பார்த்தாள். கட்டத்துக்குள் ஒரு கையெழுத்துதான் அடங்கியிருந்தது. மற்றவை ஓரமாக ஏறி, தொகையின்மேல் படர்ந்து, தாணுமூர்த்தி பெயரைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. இடம் போதாமல் பின்பக்கம் ஒரு கைநாட்டு.

"பதினாலு" என்றார் அவர். "ஒரு வீட்டுக்கு ஐயாயிரம் லிட்டர்கூட வரலை மேடம். எங்க வீட்டுல ரெண்டே பேரு. பதினெட்டாயிரம்."

அவள் பில்லைத் திருப்பிக் கைநாட்டைப் பார்த்தாள்.

"இவங்களைக் கீழ்ப்படிக்குக் கொண்டுவந்தா மொத்த வசூல்ல துண்டு விழும். அதை யார் தலையில வைக்கிறது மேடம்?"

"இந்த மாதிரி வளவு ஊர்ல எத்தனை இருக்கு?"

"தெரியாது மேடம். பட்டியல்ல இணைப்புதான் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் எத்தனை வீடுன்னு இல்ல."

"ம்."

அவருடைய கைபேசி அடித்தது. நகராட்சி ஆணையர். காலையிலிருந்து மூன்றாவது முறை. அறிக்கையை அச்சுக்கு அனுப்பியாயிற்றா என்று கேட்கத்தான். ஆவுடையப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டும் மேடம்?"

ஜெயசீலி பில்லை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஊரை இன்னும் எண்ணி முடிக்கலைன்னு சொல்லுங்க சார்."