கரையில் நின்ற அமைச்சர்

ஆடிப்பெருக்கன்று அரசரும் அமைச்சர்களும் ஒரே படகில் ஏறி அக்கரைக் கோயிலுக்குப் போய்வருவது அந்த நாட்டு வழக்கம். புதுவெள்ளத்தில் மொத்த அரசும் இப்படியா ஒரே படகில் ஏறி உட்காரும் என்று கேட்கக் கூடாது. வழக்கம் என்றால் வழக்கம்தான்.

அதற்காகவே ஒரே ஒரு அமைச்சரைக் கரையில் நிறுத்திவைப்பார்கள். அவர் மடியில் இரண்டாவது முத்திரை மோதிரம் இருக்கும். படகு மூழ்கிவிட்டால் அதை விரலில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நொடியிலிருந்து அவர்தான் அரசு. மூழ்கும் முன்பே போட்டால் தலை போகும்.

அந்த ஆண்டு கரையில் நின்றவர் அழிசி. ஐம்பது வயது. பக்கத்தில் அவருடைய குரு உலகம்மை. சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

“அம்மா, ஒரு நாட்டுக்கு இப்படி இன்னொரு அரசு தேவையா?” என்று கேட்டார் அழிசி.

“படகு திரும்பட்டும், சொல்கிறேன்.”

படகு திரும்பியது. கரையை நெருங்கும் நேரத்தில், வெள்ளத்தில் அடித்துவந்த மரம் ஒன்று அதன்மேல் மோதியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அரசரின் குடை தண்ணீரோடு போயிற்று.

“ஐயோ, போச்சு! போச்சு!” என்று கூட்டம் அலறியது. அழிசியின் கை தானாக மடிக்குப் போயிற்று.

படகோட்டி கயிற்றை வீசினான். துணி வெளுத்துக்கொண்டிருந்த நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். உலகம்மை அதற்குள் கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

“இழுங்க! விட்டுடாதீங்க!”

கயிறு ஒருமுறை நழுவியது. மறுபடி பிடித்தார்கள். ஒருவழியாகப் படகு கரை சேர்ந்தது. எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

உலகம்மை சேலை முந்தானையைப் பிழிந்தபடி மேலே வந்தார். உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

“நல்லவேளை, பிழைத்தார்கள்!” என்றார் அழிசி. “இப்போது சொல்லுங்கள் அம்மா. இன்னொரு அரசு தேவையா?”

“தேவைதான்.” உலகம்மை அவர் கையைப் பார்த்தார். “மோதிரத்தை எப்போது போட்டீர்கள்?”

அழிசி குனிந்து பார்த்தார். மோதிரம் விரலில் இருந்தது. போட்டது அவருக்கே நினைவில்லை. அரசர் படியேறி அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

பதறிப்போய் இழுத்தார். திருகினார். மோதிரம் அசையவில்லை.

“அம்மா, வரமாட்டேன் என்கிறதே!”

“எப்படி வரும்? கை காய்ந்து கிடக்கிறதே,” என்றார் உலகம்மை. “ஆற்றில் நனையுங்கள். கயிறு பிடித்த கையாக இருந்தால் இந்நேரம் தானே கழன்று விழுந்திருக்கும்.”