மன்னருக்கு ஆகாத பீர்க்கங்காய்த் தோல்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்குத்தான் வம்பு. ஒரு நாள் அவர் முழுப் பலாப்பழத்தை ஒற்றை ஆளாகத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். குற்றம் பலாப்பழத்தின் மேல் என்று தீர்ப்பாயிற்று. இனி சோறு வேண்டாம், காயும் கீரையும் கனியும் போதும் என்றார் மன்னர். அவற்றில் எது உடம்புக்கு ஆகாது என்று சொல்பவருக்கு ஒரு பட்டுச் சால்வை. சொன்னது அன்றே சமையல்கட்டில் சட்டம்.

பட்டென்றால் சும்மாவா? பீர்க்கங்காய்த் தோல் வாயு என்றார் பிரதானி விருத்தகிரி. சதை சளி என்றார் சேனாபதி. விதை பித்தம் என்றார் சோதிடர். கீரையில் தண்டு ஆகாது, இலை ஆகாது, வெந்த தண்ணீரும் ஆகாது. மாதுளையின் தோலுக்கு ஒருவர் பட்டு வாங்கினார், முத்துக்கு இன்னொருவர். மற்ற காய்கனிகளுக்கும் இதே கதிதான்.

இத்தனைக்கும் மன்னர் தளதளவென்றுதான் இருந்தார். காரணம் அரண்மனை விகடன் மருதப்பனுக்குத் தெரியும். தினமும் சமையல்கட்டில் சாப்பிடுகிறவன் ஆயிற்றே. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பிரதானி மோப்பம் பிடித்துவிட்டார். மன்னர் ஒரு மாதமாக விரலை நக்கி நக்கிச் சாப்பிட்ட துவையல் பீர்க்கங்காய்த் தோல் துவையல் என்று சபையில் போட்டு உடைத்தார். அதை அரைத்த சமையற்காரி செங்கமலத்தின் வலது கையை மறுநாள் மாலை வெட்ட ஆணை பிறந்தது.

பிரதானி அதோடு விட்டாரா? "மன்னர் பெருமானே, தினமும் அங்கே தின்றும் இதை மறைத்த மருதப்பன் நாளைய உணவைப் படைக்கட்டும். ஒரு சட்டம் மீறினாலும் அவன் கையும் போகட்டும்" என்றார். மன்னர் தலையசைத்தார்.

மருதப்பன் காவலில் இருந்த செங்கமலத்தைப் பார்க்கப் போனான்.

"தோலைத் தூக்கிப்போட மனசு வரலைங்கய்யா" என்று அழுதாள் அவள். "பருப்போட வதக்கி அரைச்சா வயித்துக்கு அவ்வளவு நல்லது. கீரை வெந்த தண்ணியிலதான் சத்தே இருக்கு, அதுல ரசம் வெச்சேன். சட்டப்படி சமைச்சிருந்தா மகராசா பட்டினிதான் கிடந்திருப்பாரு."

இவளை இப்படி அழவைத்த சபையில்தான் அவன் தினமும் சிரிப்பு மூட்டுகிறான்.

மறுநாள் உச்சிவேளையில் மன்னர் முன் வாழையிலை விரித்தான். தட்டில் ஒரு பீர்க்கங்காய், ஒரு கட்டுக் கீரை, ஒரு மாதுளை.

"பிரதானியாரே, ஆகாத தோலைத் தங்கள் திருக்கையாலேயே சீவி எடுத்தருளுங்கள்" என்றான். அவர் சீவினார். சேனாபதி சதையை வழித்தார். சோதிடர் விதைகளைப் பொறுக்கினார். தண்டு ஒருவரிடம், இலை ஒருவரிடம், மாதுளை இருவரிடம் போயிற்று. தட்டு காலி.

மருதப்பன் காலித் தட்டை இலையில் பயபக்தியோடு கவிழ்த்தான். "உணவு தயார், மன்னா. ஒரு சட்டமும் மீறவில்லை."

மன்னர் வெற்று இலையை வெறித்தார். "அப்படியானால் இத்தனை நாள் நாம் எதைத் தின்று உயிரோடிருந்தோம்?"

"சட்டத்தை மீறிய ஒருத்தி சமைத்ததைத் தின்று, மன்னா."

மன்னரின் தொந்தி குலுங்கியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தண்டனை ரத்து, சட்டங்களும் ரத்து. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். கொடுத்த பட்டுகளை யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. பிரதானி தமக்குக் கிடைத்த பட்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார்.

"மன்னா, செங்கமலத்துக்கு?" என்றான் மருதப்பன்.

"அவளுக்குத்தான் கையைக் கொடுத்துவிட்டோமே! அதைவிடப் பெரிய பரிசு உண்டா?"

சபை அதிரச் சிரித்தது. மருதப்பனும் சிரித்தான், அது அவன் உத்தியோகம். காவலிலிருந்து சமையல்கட்டுக்குத் திரும்பியிருந்த செங்கமலம் மட்டும் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. மன்னருக்குப் பசி என்று ஆள் வந்து சொன்னான். அவள் எழுந்து அடுப்பு மூட்டப் போனாள்.