திவானின் பெட்டியைத் திறந்த சாப்ட்வேர்

ஆலங்கரை சமஸ்தானத்துக்கு இப்போது ஆள்வதற்கு ஓர் ஊர்கூடக் கிடையாது. ஆனாலும் அரண்மனை இருந்தது, கோயில் தேர் இருந்தது, ராஜா முத்துவீரப்ப பூபதியும் இருந்தார். ஊர் அவரை இன்னமும் துரை என்றுதான் கூப்பிட்டது. மேனேஜருக்குத் திவான் என்று பெயர். கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட பூங்காவனத்துக்குக் காரியதரிசி என்று பெயர்.

துரை எல்லாக் கடிதத்தையும் மெயிலில்தான் அனுப்புவார். மெயில் அவருக்குக் கைவந்த கலை. முகவரிகள்தான் தகராறு. ஆயிரக்கணக்கில் கிடந்தன, யார் எவர் என்று அவருக்கே பிடிபடாது.

ஒருநாள் காலை பட்டு வேட்டி கட்டிய ஒருவர் தர்பாரில் வந்து கும்பிட்டார்.

"நான் சிதம்பரநாதன், துரை. என் மறைவுக்கு வருத்தம் தெரிவிச்சு மெயில் போட்டிருந்தீங்க. நேர்ல நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

துரைக்கு முகம் வெளிறிவிட்டது. செத்துப்போனவர் வேறு சிதம்பரநாதன். இவருக்குக் காப்பி கொடுத்து, மாலை போட்டு, அப்புறம் உயிரோடு இருப்பவருக்கு மாலை சரியில்லை என்று தோன்றி, அவசரமாகக் கழற்றி, சால்வை போர்த்தி அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பத்து நாள் டயம்," என்றார் துரை. "முகவரியோட ஆளையும் ஞாபகம் வெச்சிருக்கிற ஒரு சாப்ட்வேர் வேணும். யாரு, எந்த ஊரு, நமக்கு என்ன உறவு, கடைசியா என்ன எழுதினோம், எல்லாம் சொல்லணும். ஆனா என் மெயில் ஒரு இம்மி மாறக் கூடாது. அந்தப் பொத்தான்லாம் தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

திவான் சந்தானகோபாலன் முந்திக்கொண்டார். "ஏற்பாடு பண்ணிடறேன் துரை. நல்ல சாப்ட்வேரா வந்துட்டா காரியதரிசின்னு தனியா ஒருத்தர் தேவையே இருக்காது."

சொல்லிவிட்டுப் பூங்காவனத்தைப் பார்த்துச் சிரித்தார். பதினாறு வருஷ உத்தியோகம். அன்று ராத்திரியே அவளும் தன் பங்குக்கு ஒரு சாப்ட்வேர் எழுத உட்கார்ந்தாள்.

பத்தாம் நாள் தர்பார் கூடியது. திவான் அழைத்துவந்த பிரசன்னா என்ற இளைஞன் பெரிய திரையை நிறுத்தினான். யாரென்று கேட்டதற்கு, "சென்னைக் கம்பெனி ஆள், எனக்குப் பழக்கமில்லை," என்றார் திவான். காப்பி வந்தது. பிரசன்னா தட்டைப் பார்த்தான். சர்க்கரை போடாத டம்ளரை எடுத்துத் திவான் முன்னால் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். பூங்காவனம் அதைக் கவனித்துக்கொண்டாள்.

"துரை, இது வந்துட்டா உங்க பழைய மெயிலே வேண்டாம். எல்லாம் இதுக்குள்ளேயே!"

"மெயில் மாறக் கூடாதுன்னு சொன்னேனே?"

"மாறாது துரை. இருக்காது, அவ்வளவுதான்."

திரையில் வட்டம் வட்டமாகப் படங்கள் சுழன்றன. துரையின் அத்தை பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "கைநழுவிய வாடிக்கையாளர்" என்று வந்தது.

"எங்க அத்தை எப்பய்யா வாடிக்கையாளர் ஆனாங்க?"

"ஆறு மாசமா பதில் போடலை துரை. தள்ளுபடி அறிவிச்சா திரும்பி வருவாங்க."

அடுத்து பூங்காவனம் தன் சாப்ட்வேரைக் காட்டினாள். துரையின் மெயிலையே திறந்தாள். அதே பொத்தான்கள், அதே இடத்தில். ஒரு கடிதத்தைத் தொட்டதும் ஓரத்தில் சின்னக் கட்டம் ஒன்று வந்தது. எழுதியவர் பெயர், ஊர், உறவு, கடைசியாக எழுதிய தேதி. இரண்டு சிதம்பரநாதனும் தனித்தனியாக இருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் திவான். "பலசரக்குக் கடைக்காரன் வெச்சுக்கறது இது. ஒவ்வொருத்தர் விவரத்தையும் ஆள் உட்கார்ந்து அடிக்கணும். நம்மது உறவைத் தானாவே கண்டுபிடிக்கும்!"

பூங்காவனம் கண்களை அகல விரித்தாள். "தானாவேவா? எப்படித் தம்பி?"

"மெயிலை எல்லாம் படிச்சுப் பார்த்து, யார் யாருக்கு நெருக்கம்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடும் மேடம்."

"யார் பெட்டியா இருந்தாலும்?"

"யார் பெட்டியா இருந்தாலும்!"

"அப்ப திவான் ஐயா பெட்டியைக் காட்டுங்களேன். அரண்மனையிலேயே அதிக மெயில் ஐயாவுக்குத்தான் வருது."

திவானுக்குக் காப்பி புரையேறியது. "அதுல ரகசியக் கடிதமெல்லாம் இருக்கு!"

"அரண்மனைப் பெட்டியில எனக்குத் தெரியாத ரகசியமா?" என்றார் துரை. "போடுப்பா."

பிரசன்னா வேறு வழியில்லாமல் பொத்தானைத் தட்டினான். வட்டம் சுழன்று நின்றது. கொட்டை எழுத்தில் வந்தது:

மிக நெருங்கியவர்: பிரசன்னா. அழைக்கும் முறை: மாமா. உறவு: மாப்பிள்ளை. கடைசிக் கடிதம்: "மாமா, துரை என்ன கேட்டாலும் முடியும்னு சொல்லிடறேன். அந்தக் காரியதரிசியை மட்டும் நீங்க பார்த்துக்குங்க."



"பழக்கமில்லாத ஆளுக்கா ஓய் பொண்ணைக் கொடுத்தீர்?" என்றார் துரை.

திவான் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை திரையைச் சுருட்ட ஆரம்பித்தான்.

துரை அங்கேயே தீர்ப்புச் சொன்னார். பூங்காவனத்தின் சாப்ட்வேரே அரண்மனைக்கு. அதில் எல்லோர் விவரத்தையும் திவானே தன் கையால் அடித்து ஏற்ற வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பாள். தன் தோளில் இருந்த சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். வாங்கும்போதுதான் அவளுக்குப் பத்து நாளைய மூச்சு வெளியே வந்தது.

அப்புறம் துரைக்கு ஒரு சபலம். "இருந்தாலும் பூங்காவனம், அவனோடதும் சொன்ன வேலையைச் சரியாத்தானே செஞ்சுது? அதையும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

பூங்காவனம் தர்பாரை ஒரு சுற்றுப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கோயில் மணியக்காரர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். சமையல் மேஸ்திரியைக் காணவே இல்லை.

"வாங்கலாம் துரை," என்றாள் பணிவாக. "ஆனா நாளைக்குக் காலையில உங்களுக்கு நீங்களேதான் காப்பி போட்டுக்கணும்."

துரை சிரித்த சிரிப்பில் கிரீடம் இருந்திருந்தால் கழன்று விழுந்திருக்கும்.