நண்டுகள் குடிபெயர்ந்த கரை

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அங்கே மரங்கள் சேற்றில்தான் நிற்கும். கடல்நீர் தினமும் ஏறி வந்து வேர்களை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்தச் சேற்றில் வளை தோண்டி நண்டுகள் வாழ்ந்தன. அவற்றின் தலைவன் கொடுக்கன்.

நெடுங்காலி என்ற நாரைக்கும் அந்தக் கரைதான் வீடு. நண்டு என்றாலே அதற்கு ஆகாது. தின்பதற்கு மட்டும் ஆகும்.

ஒருநாள் மீனைத் துரத்தி ஓடியபோது நாரையின் கால் ஒரு வளைக்குள் மாட்டியது. மீன் தப்பிவிட்டது. நாரை மூக்குக் குப்புறச் சேற்றில் விழுந்தது. மரத்திலிருந்த மீன்கொத்திகள் விழுந்து விழுந்து சிரித்தன. நாரைக்கு மானமே போய்விட்டது.

"கொடுக்கா, வெளியே வா."

"உள்ளே இருந்தே நல்லா கேக்குது. சொல்லுங்க அக்கா."

"கரை முழுக்க ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க. உதிர்ற இலையெல்லாம் கடிச்சுக் குப்பையாக்குறீங்க. எல்லாரும் எதிர்க்கரைக்குப் போயிடுங்க. போனா, இனிமே உங்கள்ல ஒருத்தரையும் நான் தொட மாட்டேன்."

நாரைக்குப் பயப்படாத வாழ்க்கை கசக்குமா? நீர் வற்றியதும் நண்டுகள் பக்கவாட்டில் நடந்தே அக்கரை சேர்ந்தன. நெடுங்காலி தன் சுத்தமான கரையில் ராணி மாதிரி உலாவியது.

வளைகள் தூர்ந்துபோயின. தின்ன ஆளில்லாத இலைகள் சேற்றை மூடிக்கொண்டன. உள்ளே இறங்க வழியில்லாமல் கடல்நீர் மேலோடு வந்து மேலோடு போயிற்று. காற்றுப் புகாத சேறு நாறியது. மரங்கள் வாடின. நாரை இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை.

மறுவருஷம் நெடுங்காலி இரண்டு குஞ்சு பொரித்தது. பசியோடு அவை வாயைப் பிளந்தன. கொடுக்க மீன்தான் இல்லை. தேடி அலைந்தபோது, ஓர் இறால் தன் பிள்ளைகளோடு ஊரைக் காலி செய்துகொண்டிருந்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"வேற ஆத்துக்கு. நண்டு கடிச்சுச் சிந்துற இலைத்தூள்தான் என் பிள்ளைங்களுக்குச் சோறு. முழு இலையை நாங்க என்ன பண்றது? எங்களைத் தின்ன வந்த மீனெல்லாம் முன்னாடியே போயிடுச்சு."

நாரைக்குப் பகீரென்றது. வெயிலை வாங்கி இலை வளர்கிறது. இலையை நண்டு நறுக்குகிறது. அந்தத் தூளில் இறால் வளர்கிறது. இறாலால் மீன், மீனால் தன் குஞ்சு. நடுவில் இருந்தவனைத் தானே துரத்திவிட்டது!

எதிர்க்கரைக்குப் பறந்தது. அங்கேயும் நிலைமை மோசம். பிடிக்க ஆளில்லாமல் நண்டுகள் பெருகிக் கிடந்தன. முளைத்த கன்றுகளையும் மிச்சம் வைக்கவில்லை. வளைக்கு அடிதடி. கொடுக்கனுக்கே ஒரு கொடுக்கைக் காணோம்.

"கொடுக்கா, திரும்பி வந்துடுங்கப்பா. என் குஞ்சுங்க பட்டினி."

"வரோம் அக்கா. தொட மாட்டேன்னு சொன்னீங்களே, அந்த வாக்கு?"

ஒரு பொய் சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். நாரைக்கு மனசு வரவில்லை. "அதை என்னால காப்பாத்த முடியாது," என்றது.

கொடுக்கன் மிச்சமிருந்த ஒரே கொடுக்கை ஆட்டியது. பிறகு சொன்னது: "அப்படின்னா வரோம். நீங்க தின்னாம விட்டுத்தான் நாங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கிட்டுக் கிடக்கிறோம். ஆனா ஒண்ணு, பிடிக்கிறது உங்க சாமர்த்தியம். தப்பிக்கிறது எங்க சாமர்த்தியம்."

"சம்மதம்."

பாதி நண்டுகள் திரும்பின. இலைகள் தூளாகின. நாற்றம் போயிற்று. இறால் வந்தது, அதன் பின்னாலேயே மீனும் வந்தது. குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்கின. ஒருநாள் மாலை நெடுங்காலி கொத்தப் பார்த்த நண்டு அதை ஏமாற்றிவிட்டு ஓடியது. "ஓடு ஓடு, நாளைக்குப் பாத்துக்கிறேன்," என்றது நாரை. அதன் குரலில் கோபமே இல்லை.

அடுத்தவர் பிழைப்பு நமக்குத் தொந்தரவாகத் தெரிந்தாலும், நம் பிழைப்பு அதன்மேல்தான் நிற்கிறது.