கல்லுக்குப் போட்ட பட்டினி

மந்தக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மூளை இருந்தது, தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு இருந்த ஒரே பெருமை ஓர் இளவட்டக்கல். பொங்கலுக்கு வாலிபர்கள் தூக்கிக் காட்டும் உருண்டைக் கல். போன வருஷம் பலவேசம் அதை அலட்சியமாகத் தோளில் ஏற்றினான். அந்த மிதப்பில் பக்கத்து ஊர்க் கூர்மேட்டுக்காரர்களிடம் வாயை விட்டான்: "அடுத்த பொங்கலுக்கு எங்களால முடியாம நீங்க தூக்கிட்டா, கல்லை உங்க ஊருக்கே கொண்டு போயிருங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவன் அப்பன் தூக்கிய கல் அது. கூட்டாளிகள் சொரிமுத்துவையும் மாடக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு ஜிம் மாஸ்டரிடம் யோசனை கேட்டான். அவர் பாவம், ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார்: "விடாமப் பயிற்சி பண்ணுங்க. கல்லைத் தொடுறதுக்கு முன்னாடி வயிறு முட்டச் சாப்பிடாதீங்க."

விடாமல் என்றால் விடாமல்தான். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மூவரும் மாறி மாறித் தூக்கினார்கள். மத்தியானம் பலவேசத்தின் மனைவி செல்வடிவு சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"தொட்டு முடிச்சாச்சுல்லா, இனி சாப்பிடலாமே?" என்றான் சொரிமுத்து.

"அடுத்தாப்புல தொடுவோம்லா? அப்ப இது தொடுறதுக்கு முன்னாடி சாப்பிட்டதா ஆயிராதா?" என்றான் மாடக்கண்ணு.

"முட்டத்தானலே சாப்பிடக் கூடாதுன்னாரு?"

"எந்த வாயில முட்டும்னு உனக்குத் தெரியுமாலே? மொத வாயிலயே முட்டிட்டா?"

இவ்வளவு பெரிய அறிவுக்கு முன் பசி என்ன செய்யும்? சோற்றுச் சட்டியைக் கல்லோரம் வைத்துவிட்டு, குளத்தில் தண்ணீர் குடித்து வந்தார்கள். வந்து பார்த்தால் சட்டி காலி. வேப்பமரத்தடியில் ஒரு செவலை நாய் வாயை நக்கிக்கொண்டு படுத்திருந்தது. நாயை எல்லாம் யார் கவனிப்பார்கள்! தினமும் இதே கதைதான்.

தோள் வரை ஏறிய கல் நெஞ்சோடு நின்றது. பிறகு முழங்காலோடு நின்றது. பிறகு தரையை விட்டு எழும்பவே இல்லை.

"எலும்பு தெரியுதுங்க, கஞ்சியாவது குடிங்க," என்று செல்வடிவு அழுதாள்.

"எலும்புதான் பலம். இத்தனை நாளும் சதை அதை மறைச்சிட்டு இருந்திருக்கு," என்றான் பலவேசம், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அன்று கல்லைச் சுற்றி உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

"பயிற்சி கூடியிருக்கு. அப்ப நம்ம பலமும் கூடியிருக்கணும். ஆனா கல்லு அசையல. ஏன்?" என்றான் சொரிமுத்து.

மாடக்கண்ணு காலிச் சட்டியைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். "கல்லு குண்டாயிட்டுலே! நம்ம சோத்தை எல்லாம் தின்னது யாருன்னு நெனச்ச?"

பலவேசம் சட்டியைக் கல்லுக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தான். உடனே கல்லுக்குப் பட்டினி போட்டார்கள். சோறே கொண்டுவரக் கூடாது என்று செல்வடிவுக்கு உத்தரவு. கொழுப்புக் கரைய வேண்டுமே என்று மூவரும் கயிறு கட்டி இழுத்துக் கல்லைக் குளத்தங்கரையில் உருட்டினார்கள். காலையில் அதன் மேல் பனி ஈரம் கண்டு, "வேர்த்திருக்கு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செவலை நாய் மட்டும் கவலையாக இருந்தது.

பொங்கலும் வந்தது. மூவரும் கல்லைக் கட்டிப்பிடித்தார்கள்; கல்லோடேயே சரிந்தார்கள். கூர்மேட்டுப் பையன் வயிறு நிறைய இட்லி தின்றுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டான். ஊரே தலைகுனிந்தது.

பலவேசம் மட்டும் துள்ளி எழுந்தான். துள்ளி என்றால், சொரிமுத்து தூக்கிவிட்டதால் எழுந்தான். "பாத்தீங்களாலே! கல்லு மெலிஞ்சிட்டு! நம்ம பட்டினி பலிச்சிட்டு!"

"அப்ப நமக்கு ஏன் வரல?" என்றான் சொரிமுத்து.

"இப்ப கட்டிப்பிடிச்சு, கடைசிக் கொழுப்பை நாமதானலே கரைச்சோம்!" என்றான் மாடக்கண்ணு. மூவரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்.

கூர்மேட்டு டிராக்டர் கல்லை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இனியாவது சாப்பிடுவான் என்று செல்வடிவு சர்க்கரைப் பொங்கலோடு ஓடிவந்தாள். பலவேசம் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் தள்ளாடி ஓடினான்.

"நிறுத்துங்கய்யா! எங்க அப்பன் தூக்கின கல்லுய்யா! வெறும் வயித்தோட ஊரை விட்டுப் போகலாமா? ரெண்டு வாய் தின்னுட்டுப் போகட்டும்!"

டிராக்டர் நின்றது. அவன் கல்லுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்துவிட்டு, கும்பிட்டுக் கண்ணை மூடினான். செவலை நாய் ஏற்கெனவே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.