மலைத்தொட்டிக்குத் தண்ணீர்

“தாயே, என் வீட்டு நாய் ஆளில்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டுது. எனக்குப் பயமா இருக்கு.”

சடையாண்டி இதைச் சொன்னபோது நாச்சியார் அம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையடிவாரத்துக் குகைக்கோயிலில் தனியாக இருப்பவள். அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

“எந்த இடத்தை?”

“வாசப்படியோரம். பேச்சியம்மா செருப்பு மாட்டுற இடம்.”

பேச்சியம்மா அவர் மனைவி. இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

“தினமும் உச்சிவெயில்லதான். எழுந்து போய் நிக்கும். அண்ணாந்து பார்க்கும். வாலாட்டும். அப்புறம் வெச்ச சோத்தை மோந்துகூடப் பார்க்காம படுத்துக்கும். எலும்பும் தோலுமா ஆயிருச்சு. எங்கேயாவது தூரமா கொண்டுபோய் விட்டுரலாமான்னு தோணுது.”

நாச்சியார் அம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அந்த நேரத்துல அவங்க எங்கே போவாங்க?”

“மலைமேல ஒரு கல்தொட்டி இருக்கு, தாயே. ஆடு மாடு குடிக்கிறதுக்கு. குடத்துல தண்ணி கொண்டுபோய் ஊத்துவா. எங்க நாய் செவலைதான் முன்னால ஓடும். பாம்பு கீம்பு கிடந்தா குரைக்கும்.”

“இப்போ தொட்டியில தண்ணி இருக்கா?”

“அவ போனப்புறம் யாரும் ஊத்தலை, தாயே.”

அவள் எழுந்து உள்ளே போனாள். தன் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துக் காலி செய்தாள். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் அந்தக் குடம் நிறையத் தண்ணீரோடு அவர் தன் வீட்டு வாசலில் நின்றார்.

செவலை எழுந்தது. குடத்தைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

பிறகு மலைப்பக்கம் ஓடியது. நாற்பது நாளில் முதல்முறையாகக் குரைத்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் மறுபடியும் குகைக்கோயிலுக்கு வந்தார்.

“சாப்பிடுதா?”

“தட்டை நக்கித் துடைச்சிடுது. ஆடுங்க எல்லாம் திரும்பத் தொட்டிக்கு வருது. அதுங்க குடிச்சு முடிக்கிறவரைக்கும் செவலை காவல் இருந்துட்டுத்தான் இறங்கும். இப்போ என் காலடியிலதான் படுக்குது.”

“பிறகென்ன?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மலைப்பாதையில ஒவ்வொரு வளைவுலயும் நின்னு திரும்பிப் பார்க்கும். எனக்காக நிக்குதுன்னு நினைச்சேன். நேத்து அதைத் தாண்டி நான் மேலே போயிட்டேன். அது வரலை.”

“ம்.”

“கீழே பார்த்துக்கிட்டு அப்படியே நிக்குது. ரொம்ப நேரம். அப்புறம் வாலாட்டிச்சு. மெல்ல நடந்து வந்துச்சு, தாயே. பாதையில பக்கத்துல யாரோ வர்ற மாதிரி, ஓரமா ஒதுங்கி.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன். வெறும் வெயில். ஒரு நிழல்கூட இல்லை.”

நாச்சியார் அம்மை மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“முழங்கால் வலியோடதான் அவ அந்த ஏத்தம் ஏறுவா” என்றார் சடையாண்டி. “நான் ஒருநாளும் கூடப் போனதில்லை.”

அவர் போக எழுந்து, மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

“நான் என்ன செய்யணும், தாயே?”

“நாளைக்குக் கொஞ்சம் மெதுவா நடங்க.”